எட்டில் ஒரு பங்கு

ஞானம் வேண்டும் என்பவர்கள் மலைக்குப் போவார்கள், மடத்துக்குப் போவார்கள். நீலமேகம் திருவெறும்பூருக்கு அப்பால் இருந்த ஓர் அரிசி ஆலைக்குப் போனார். அவருக்கு வேண்டிய ஞானம் அங்கேதான் கிடைத்தது.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. குருவின் பெயர் அமலோற்பவம். ஆலையின் பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, காதில் உமித் தூசியோடு நடமாடும் அந்தப் பெண்மணி தன்னை ஒருநாளும் குரு என்று சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

ஆலையின் பின்னால் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் ஒன்று இருந்தது. உலர்த்தும் இயந்திரம் வந்த பிறகு களம் சும்மா கிடந்தது. அதை நீராவி அன்பர்கள் சங்கத்தார் கேட்டு வாங்கி, ஐந்து அங்குல அகலத்தில் தண்டவாளம் போட்டுச் சுற்றி வளைத்திருந்தார்கள். வடக்கு ஓரத்தில் தரை கொஞ்சம் மேடு. நடந்து போகிறவர்களுக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. முழங்கால் உயர எஞ்சினுக்கு அது எண்பது அடி நீள மலை.

சங்கத்தில் வக்கீல் உண்டு, வங்கி அதிகாரி உண்டு, இரண்டு பேராசிரியர்கள் உண்டு. செயலாளர் பராங்குசம் பல் டாக்டர். ஞாயிறு தவறாமல் கூடுவார்கள். ஓடி ஓய்ந்த பழைய எஞ்சின்களைப் பற்றிப் பேசுவார்கள். ஏதோ ஓர் எஞ்சினுக்கு விசில் இடப்பக்கமா வலப்பக்கமா என்ற விவகாரத்தில் இரண்டு பேராசிரியர்களும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். இவ்வளவு தெரிந்தவர்களுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. அடுப்பு பற்றவைக்க.

முதல் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்த அன்று பதினோரு படித்த மனிதர்கள் அதைச் சூழ்ந்து நின்று செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். புகை பாய்லர் அறைக்குள் போனது. அமலோற்பவம் சண்டை போடத்தான் வெளியே வந்தார். வந்து பார்த்தவருக்குச் சண்டை மறந்துவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்தார். கரியில் பாதியை வெளியே வாரிப் போட்டார். மீதியை ஓரத்துக்கு ஒதுக்கினார். ஆறாவது நிமிடம் நீராவி வந்தது.

அன்றிலிருந்து நெருப்பு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சங்கத்தில் சட்டம்.

சங்கத்துக்கு எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இருந்தது. புது எஞ்சின் தன் டிரைவரையும் ஒரு பயணியையும் இழுத்துக்கொண்டு, நிற்காமல் மேட்டில் ஏறி ஒரு சுற்று முடிக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அதை ஆபீஸ் அறையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அப்புறம் அது தண்டவாளத்துக்கு வராது. ஆயுதபூஜை அன்று கதம்ப மாலை மட்டும் கிடைக்கும். இதற்குச் சங்கத்து ஆட்கள் 'கண்ணாடி ஏறிடுச்சு' என்பார்கள். துக்கம் விசாரிக்கும் குரலில்தான் சொல்வார்கள்.

நீலமேகத்தின் எஞ்சின் இரண்டு முறை தோற்றிருந்தது.

அதன் பெயர் சின்னப்பொண்ணு. மீட்டர்கேஜ் காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் எல்லைக்குள்ளேயே முன்னும் பின்னும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு சின்ன எஞ்சினுக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் அது. நீலமேகம் பத்தொன்பது வயதில் அதில் கரி தள்ளும் வேலைக்கு மனுப் போட்டார். எல்லாப் பரீட்சையும் தேறினார். கடைசியில் ஒரு டாக்டர் இரண்டு விளக்கைக் காட்டி எது சிவப்பு, எது பச்சை என்று கேட்டார். நீலமேகத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

பார்சல் ஆபீஸில் வேலை கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சின்னப்பொண்ணு போய்வரும். அதில் கரி பூசிய முகத்தோடு நிற்கும் ஒவ்வொருவனையும் பார்த்து அவர் வயிறெரிந்தார். நீராவிக் காலம் முடிந்து அந்த எஞ்சினை உடைக்க எடுத்துப் போன பிறகும் அந்த எரிச்சல் போகவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் வரைபடத்தைத் தேடிப் பிடித்தார். எட்டில் ஒரு பங்கு அளவில் சின்னப்பொண்ணைச் செய்ய உட்கார்ந்தார். நான்கு வருடம். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல். திருகாணி, ரிவெட், படி, கைப்பிடி எல்லாம் எட்டில் ஒன்று. அதைப்போல ஒன்று அவருக்கு வேண்டாம். அதுவேதான் வேண்டும். அன்று ஏறவிடாத எஞ்சினில் இன்று ஏறி ஓட்ட வேண்டும்.

பராங்குசம் பல் பார்க்கும் பூதக்கண்ணாடியோடு வந்து இரண்டு நாள் அதை அளந்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. அளவில் மயிரிழைகூடப் பிசகாத எஞ்சினுக்குச் சங்கம் தரும் மயிரிழைப் பதக்கத்தை நீலமேகத்தின் சட்டையில் குத்திவிட்டு, உண்மையாகவே கண் கலங்கினார்.

அந்த எஞ்சின்தான் முதல் முறை மேட்டில் பாதியில் நின்றது. இரண்டாம் முறை பாதிக்கும் கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

மறுநாள் நீலமேகம் பாய்லர் அறை வாசலில் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு ஒண்ணு தெரியணும். அளவுல குறை இல்ல. வேலையில குறை இல்ல. பின்ன ஏன் ஏற மாட்டேங்குது?"

அமலோற்பவம் பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எதுல எத்தனை பங்கு சார் அது?"

"எட்டுல ஒண்ணு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

குரு கையைத் துடைத்துக்கொண்டு மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உருவி நீட்டினார்.

"இதை எட்டுல ஒண்ணாக்குங்க."

இதுதானா பெரிய காரியம் என்று நீலமேகம் ஸ்கேலை எடுத்தார். அளந்தார். பிளேடால் நறுக்கினார். மருந்துத் தலையும், அதற்குக் கீழே துளி மரமும் மிஞ்சின.

"கொளுத்துங்க."

விரல் நுனியில் பிடித்து உரசினார். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு துள்ளினார்.

"எவ்வளவு சுட்டுது சார்? எட்டுல ஒரு பங்கா?"

நீலமேகம் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் பாதியில் விடாது. நேராகக் களத்துக்குப் போனார். எஞ்சினின் அடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். கரியைத் தாங்குகிற கம்பிகளின் சந்துகளில் சாம்பல் சிமெண்டு போல அடைத்திருந்தது.

பெரிய சின்னப்பொண்ணில் அந்தச் சந்து ஒரு விரல் அகலம். இவருடையதில் நகம்கூட நுழையாது. சந்து எட்டில் ஒன்று ஆகிவிட்டது. ஆனால் சாம்பல் ஆகவில்லை. அடுப்புக்கு மூச்சு முட்டியது.

மறுபடி பாய்லர் அறைக்கு ஓடினார்.

"அம்மா, புரிஞ்சுபோச்சு! சாம்பல் அடைக்குது. காத்து ஏறல."

"சரி."

"நடுவுல ரெண்டு கம்பியை எடுத்தா காத்து ஏறும்."

"ம்."

"ஆனா அளவு தப்பிடும். அப்புறம் அது சின்னப்பொண்ணு இல்ல, வேற ஏதோ எஞ்சின்."

"நான் எடுக்கச் சொல்லலையே சார்."

"எடுக்கவும் மாட்டேன். வேற வழி சொல்லுங்க."

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பழகுங்க" என்றார்.

பழகினார். அப்படி ஒரு பழக்கம் யாரும் பழகியிருக்க மாட்டார்கள். கரியைப் புளியங்கொட்டை அளவுக்கு உடைத்தார். முறத்தில் புடைத்துத் தூள் நீக்கினார். கழுவினார், வெயிலில் காயவைத்தார். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். அவர் வீட்டில் அரிசிக்குக்கூட இந்த மரியாதை நடந்ததில்லை என்று அவர் மனைவி சொன்னது நியாயம்தான்.

தணல் சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று பார்த்து நெருப்பைக் கணிப்பார்கள் மற்றவர்கள். அந்தக் கண் இவருக்கு இல்லை. குருவிடம் அதைச் சொன்னபோது மட்டும் குரல் தாழ்ந்தது.

"காது இருக்கில்ல?" என்றார் அமலோற்பவம். "புகைபோக்கி பேசுறதைக் கேளுங்க."

கேட்டார். நன்றாக எரிந்தால் சக், சக் என்று வெடிப்பாகப் பேசும். மூச்சு முட்டினால் குரல் ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஆகிவிடும். ஏழு ஞாயிறு கேட்டுக் கேட்டு, அந்தச் சங்கத்திலேயே நெருப்பை நன்றாக அறிந்த காது அவருடையது ஆயிற்று.

ஒவ்வொரு ஞாயிறும் மேட்டில் எஞ்சின் நின்ற இடத்தில் குரு சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோடுகள் மேலே மேலே போயின. ஏழாவது கோட்டுக்கும் உச்சிக்கும் பதினைந்து அடி இருந்தது. அதற்கு மேல் ஓர் அங்குலமும் போகவில்லை.

எட்டாவது ஞாயிறு மூன்றாவது வாய்ப்பு.

ஆலைக்கு அன்று விடுமுறை. களத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பராங்குசம் கையில் பச்சைக் கொடி. ஆபீஸ் அறையில் யாரோ கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்ததை நீலமேகம் வரும்போதே பார்த்துவிட்டார்.  அந்தப் பக்கம் திரும்பாமல் அடுப்பைப் பற்றவைத்தார்.

"பயணி யாரு?" என்று கேட்டார் பராங்குசம்.

எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருந்த பலகை வண்டியில் நீலமேகம் உட்கார்ந்திருந்தார். அதற்கும் பின்னால் இன்னொன்று காலி. அமலோற்பவம் புடவையை ஒதுக்கிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்களா!"

"நான்தான். எடுங்க."

கொடி அசைந்தது. சின்னப்பொண்ணு கிளம்பியது. தென்புறத்து நேர்ப்பாதையில் அழகாக ஓடியது. கிழக்கு வளைவில் திரும்பியது. பிரஷர் முள் முழுதாக நின்றது. நீலமேகம் ஒரு கரண்டி கரியைத் தூவிவிட்டு அடுப்புக் கதவைச் சாத்தினார்.

மேடு வந்தது.

முதல் கோடு, இரண்டாவது கோடு. சக், சக், சக் என்று பேசிக்கொண்டே ஏறியது. மூன்றாவது, நான்காவது. வங்கி அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். ஐந்தாவது கோட்டில் நீலமேகத்துக்குக் காது கூர்ந்தது. குரல் மாறுகிறது. வெடிப்பு போய் ஈரம் வருகிறது. பார்க்காமலே தெரிந்தது, முள் இறங்குகிறது.

ஆறாவது கோட்டில் எஞ்சின் நடக்கிற வேகத்துக்கு வந்தது. ஏழாவது கோட்டுக்கு வந்தபோது தவழ்ந்தது.

"அம்மா, என்ன செய்யட்டும்?"

கண்ணைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காமல் மறுபடி கூப்பிட்டார்.

"அம்மா!"

"நான் பயணி சார்" என்றார் குரு.

நீலமேகத்துக்கு ஒரு கணம் அவர்மேல் கடுங்கோபம் வந்தது. மறுகணம் கோபத்துக்கு நேரமில்லை. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கைந்து சுற்று சுற்றும். பிறகு நிற்கும். நின்றால் கண்ணாடி. உள்ளே ஒரு குற்றமும் இல்லாத சின்னப்பொண்ணு, ஓர் இழை பிசகாத சின்னப்பொண்ணு, துடைத்து வைத்த மேல்தட்டில் உட்காரும். அவர் மறுபடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"நிக்காதே!" என்று அவர் கத்தியது களம் முழுக்கக் கேட்டது.

இடுக்கியை எடுத்தார். அடுப்புக் கதவைத் திறந்தார். நெருப்புக்குள் இடுக்கியை விட்டு, நடுக் கம்பிகளில் ஒன்றைப் பிடித்துத் தூக்கி இழுத்தார். பழுத்த கம்பி வெளியே வந்தது. அதை அவர் கையால் அரம் போட்டு ராவியது மட்டும் நான்கு நாள். வீசி எறிந்தார். சிமெண்டில் விழுந்து ணங் என்றது. ஒரு கம்பி இடைவெளி விட்டு இன்னொன்றைப் பிடித்தார். முழங்கையில் ரோமம் பொசுங்கியது. அதையும் இழுத்து எறிந்தார். கிளறுகம்பியால் அடுப்பை ஒரு குத்துக் குத்தினார். அடைத்திருந்த சாம்பல் கீழே பொலபொலவென்று கொட்டியது. கதவைச் சாத்தினார்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. சுற்றியதா, சறுக்கியதா என்று பார்த்தவர்களுக்கே சந்தேகம்.

புகைபோக்கி ஒரு முறை இருமியது.

பிறகு சக் என்றது.

நீலமேகம் மூச்சுவிடாமல் கேட்டார். சக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சக். ஈரம் போய்க் குரல் காய்ந்தது. முள் ஒரு மயிரளவு நகர்ந்தது, பிறகு ஒரு விரலளவு. சின்னப்பொண்ணு ஏழாவது கோட்டைத் தாண்டி, யாரும் கோடு போடாத சிமெண்டில் முதல் முறையாக ஏறினாள். பத்தடி. ஐந்தடி. உச்சி. நீலமேகம் விசிலைப் பிடித்து இழுத்தார். இறக்கம் முழுக்க அதை விடவில்லை.

கிளம்பிய இடத்துக்கு வந்து நிறுத்தியபோது வக்கீல் அவரைக் கட்டிப்பிடித்தார். பேராசிரியர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிவிட்டு, எதற்கு என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். நீலமேகத்தின் முகமெல்லாம் கரி. நாற்பத்தைந்து வருடம் காத்திருந்த கரி. அவர் அதைத் துடைக்கவில்லை.

பராங்குசம் மட்டும் மேட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். கைக்குட்டையில் இரண்டு கம்பிகளையும் எடுத்து வந்திருந்தார்.

"தேர்ச்சிதான் சார். நிக்கல. நானே பார்த்தேன்" என்றார். "ஆனா..."

நீலமேகத்துக்குத் தெரியும். சட்டையிலிருந்து மயிரிழைப் பதக்கத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தார். வாங்கிக்கொண்ட பராங்குசத்துக்குத்தான் உதடு துடித்தது.

கம்பிகளை நீலமேகம் வாங்கிக்கொண்டார். ஆறிவிட்டிருந்தன. பழக்கத்தில் கை ஸ்கேலைத் தேடியது. அளந்தார். நெருப்பில் இவ்வளவு கிடந்தும் இரண்டும் இம்மி பிசகாமல் இருந்தன.  மேட்டில் வராத வருத்தம் இங்கே வந்தது.

குரு இன்னும் பலகை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நீலமேகம் அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது இனிமே சின்னப்பொண்ணு இல்லையே. அளவு தப்பிடுச்சே."

"அந்த ரெண்டு கம்பி?"

"இது ரெண்டும் சரியாத்தான் இருக்கு."

"நல்லா பார்த்தீங்களா?"

"ஒரு இழை பிசகல அம்மா."

"அப்ப அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில வைக்கச் சொல்லுங்க" என்றார் அமலோற்பவம். "நீங்க வந்து கரி போடுங்க சார். நான் இன்னும் இறங்கல."